கர்ப்பத்துல சிபிலிஸ்: ஒரு ஊசியோட முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க

முதல் செக்கப்ல எடுக்குற ரத்தத்துல ஹீமோகுளோபின், சுகர், எச்ஐவி கூட விடிஆர்எல்னு ஒண்ணும் போகும், அது உடலுறவு வழியா தொத்துற சிபிலிஸ்ங்குற பால்வினை நோய்க்கான டெஸ்ட். நெகட்டிவ்னா அந்த வரிய யாரும் பாக்குறதில்ல. பாசிட்டிவ்னு வந்தாதான் தப்பு மேல தப்பு நடக்குது. இத்தனைக்கும் இதுக்கு மருந்து பெனிசிலின், பழைய மருந்து, கவர்மென்ட் ஆஸ்பத்திரில காசே வாங்க மாட்டாங்க, அம்மாவுக்கு போடுற ஊசியே வயித்துல இருக்குற குழந்தைக்கும் போய் சேரும். அப்படியும் குழந்தைக்கு தொத்துதுன்னா பல நேரம் ரிப்போர்ட்டுக்கும் ஊசிக்கும் நடுவுல வாரக்கணக்குல நாள் ஓடிப்போனதுதான் காரணம்.

"எனக்கு ஒண்ணுமே இல்லையே, ரிப்போர்ட் மாறிடுச்சு போல" இதுதான் முதல்ல வர்ற பேச்சு. சிபிலிஸ் புண்ணு வலிக்காது, உள்பக்கம் வந்தா கண்ணுக்கும் தெரியாது, ஒரு மாசம் ஒன்றரை மாசத்துல தானா ஆறியும் போயிடும், ஆனா கிருமி உடம்புலயேதான் இருக்கும், வருஷக்கணக்கா சத்தமில்லாம இருந்து நச்சுக்கொடி வழியா குழந்தைக்கு போகும். வைத்தியம் பாக்காம விட்டா கரு கலையலாம், வயித்துலயே குழந்தை இறக்கலாம், குறைமாசத்துல பிறக்கலாம். விடிஆர்எல் சில சமயம் பொய்யா பாசிட்டிவ் காட்டுறதும் உண்டுதான், உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்ப தாக்குற லூபஸ் மாதிரி நோய் இருந்தா காட்டும், சில பேருக்கு கர்ப்பத்துலயே காட்டும், அதனாலதான் டிபிஎச்ஏன்னு இன்னொரு டெஸ்ட் வச்சு உறுதி பண்றாங்க. ஆனா அந்த ரிசல்ட் வரட்டும்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி பக்கமே போகாம இருக்காதீங்க, இன்னைக்கே ஊசி போட்டுடலாம்னு டாக்டர் சொன்னா போட்டுக்குங்க.

அடுத்தது, ஊசி வேணாம் மாத்திரை குடுங்கன்னு கேக்குறது. ஊசி வலிக்கும், இல்லைன்னு சொல்லல, கெட்டியான வெள்ளை மருந்து, ரெண்டு பக்க இடுப்புலயும் பாதிப்பாதியா போடுவாங்க. ஆனா அசித்ரோமைசின், எரித்ரோமைசின் எல்லாம் குழந்தைகிட்ட போதுமான அளவு போய் சேராது, டாக்ஸிசைக்ளின் கர்ப்பத்துல குடுக்கவே கூடாது. பெனிசிலின் அலர்ஜின்னு யாராவது எப்பவோ சொல்லியிருந்தா என்ன ஆச்சுன்னு டாக்டர்கிட்ட விவரமா சொல்லுங்க, நிஜமாவே அலர்ஜிதான்னாலும் பெரிய ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணி கொஞ்சம் கொஞ்சமா மருந்த ஏத்தி உடம்ப பழக்கிட்டு அதே பெனிசிலினதான் போடுவாங்க. லாட்ஜ்ல ரூம் போட்டு பால்வினை நோய்க்கு சூரணம் விக்கிற ஆளுங்ககிட்ட போறத பத்தி நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். தொத்தி ஒரு வருஷத்துக்குள்ளதான்னு தெரிஞ்சா பெனிசிலின் ஊசி 24 லட்சம் யூனிட் ஒரே தடவை. எப்ப தொத்துச்சுன்னு தெரியலன்னா அதே அளவு வாரம் ஒண்ணா 3 தடவை, கர்ப்பிணிங்கள்ல நிறைய பேர் இந்த ரகம்தான். அந்த 7 நாள் இடைவெளிய கர்ப்பத்துல சும்மா நெனச்சிடக்கூடாது, 9 நாளுக்கு மேல தள்ளிப்போனா மறுபடி முதல் ஊசில இருந்து ஆரம்பிக்கணும்னு அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி சொல்லுது. பிரசவத்துக்கு குறைஞ்சது 30 நாள் முன்னாடியாவது வைத்தியம் ஆரம்பிச்சிருக்கணும், இல்லன்னா குழந்தைக்கு போதுமான வைத்தியம் நடந்ததா கணக்குல எடுக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல இது எங்க உடையுதுன்னா வளைகாப்புல. 7ஆம் மாசமோ 9ஆம் மாசமோ வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு கூட்டிட்டு போயிடுவாங்க, ஆஸ்பத்திரி மாறும், இந்த விஷயத்த அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு அந்த ரிப்போர்ட் மட்டும் பழைய வீட்டு பீரோவுலயே தங்கிடும், புது டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. அம்மாவுக்கு சொல்லவேணாம்னா விடுங்க, அது உங்க இஷ்டம், ஆனா எந்தெந்த தேதில ஊசி போட்டாங்கன்னு புது டாக்டருக்கு தெரிஞ்சே ஆகணும்.

ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி காய்ச்சல், குளிர், உடம்பு வலி வரலாம். கிருமி சாகும்போது வர்றது, அலர்ஜி இல்ல, ஒரு நாள்ல அடங்கிடும், இதுக்கு பயந்து ரெண்டாவது ஊசிய விட்டுடாதீங்க. வயிறு இறுக்கிப் பிடிச்சாலோ குழந்தை அசைவு குறைஞ்சாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரி போகணும்.

புருஷன விட்டுட்டு பொண்டாட்டிக்கு மட்டும் வைத்தியம் பாக்குறது இன்னொரு பெரிய ஓட்டை. அவருக்கும் டெஸ்ட், அவருக்கும் ஊசி, ரெண்டு பேருக்கும் முடியிற வரைக்கும் உடலுறவு வேணாம், இல்லன்னா நல்லாகி திரும்பவும் தொத்தும். யார் கொண்டுவந்தாங்கன்னு வீட்டுல மகாபாரதமே நடக்கும், ஆனா அத அந்த ரிப்போர்ட்ட வச்சு சொல்லவே முடியாது, கல்யாணத்துக்கு முன்னாடி வந்ததாக்கூட இருக்கலாம். வெளிய தெரியாம பாக்கணும்னா தமிழ்நாட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிகள்ல பால்வினை நோய்க்குன்னே சுகவாழ்வு மையம் இருக்கு, எச்ஐவி உதவி எண் 1097க்கு ஃப்ரீயா போன் பண்ணியும் கேக்கலாம்.

குழந்தை பிறந்ததும் தாய்ப்பால நிறுத்திட்டு பவுடர் பால் டப்பா வாங்குற வீடுங்க இருக்கு, எச்ஐவி மாதிரி இதுவும் பால்ல போகும்னு பயம். சிபிலிஸ் தாய்ப்பால் வழியா தொத்தாது, பெனிசிலின் போட்டுக்கிட்டும் பால் குடுக்கலாம். மார்புலயோ காம்புலயோ சிபிலிஸ் புண்ணு இருந்தா மட்டும், புண்ணு ஆறி டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் அந்தப் பக்கம் வேணாம், புண்ணு மேல குழந்தை படாம மறைச்சுட்டு புண்ணில்லாத பக்கம் குடுக்கலாம்.

குழந்தை கொழுகொழுன்னு இருக்கு, டெஸ்ட் எதுக்குன்னும் கேக்காதீங்க. பிறக்கும்போது நல்லா இருந்து சில வாரம் கழிச்சு மூக்கு ஒழுகல், உள்ளங்கை உள்ளங்கால்ல தடிப்பு, மஞ்சள்காமாலைன்னு ஆரம்பிக்கலாம், பாட்டி கிரந்தின்னு சொல்லி எண்ணெய் தடவிட்டு இருப்பாங்க. தொப்புள்கொடி ரத்தம் பத்தாது, குழந்தையோட ரத்தத்துல எடுத்து அம்மாவோட விடிஆர்எல் நம்பரோட (ரத்தத்த எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் காட்டுதுன்னு சொல்ற நம்பர்) ஒப்பிட்டு பாக்கணும். தேவைப்பட்டா 10 நாள் தங்கி குழந்தைக்கு பெனிசிலின் போடுவாங்க, பாதில டிஸ்சார்ஜ் கேட்டு நிக்காதீங்க. குழந்தைக்கு பாசிட்டிவ் காட்டுறது அம்மாகிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தியால மட்டும்தான்னா 6 மாசத்துக்குள்ள குழந்தையோட விடிஆர்எல் நெகட்டிவ் ஆகிடும், அதுவரைக்கும் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை கூட்டிட்டு போகணும். மலேசியா 2018லயும் இலங்கை 2019லயும் தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு எச்ஐவி, சிபிலிஸ் பரவுறத ஒழிச்ச நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்துகிட்ட சான்று வாங்கினாங்க, அங்கயும் சிபிலிஸுக்கு மருந்து இதே பெனிசிலின்தான்.

இன்னொண்ணு, டிபிஎச்ஏ பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாவே காட்டும், அத பாத்துட்டு நோய் போகலன்னு அழவேணாம். பாக்க வேண்டியது விடிஆர்எல் நம்பர், 1:32 இருந்தது 1:8 ஆச்சுன்னா வைத்தியம் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம், ஆனா அது இறங்க மாசக்கணக்குல ஆகும், பிரசவத்துக்குள்ள இறங்கலன்னா உடனே தோல்வின்னு இல்ல. பழைய நம்பரும் ஊசி போட்ட தேதியும் இருக்குற சீட்ட பத்திரமா வச்சுக்குங்க, அடுத்த கர்ப்பத்துல டாக்டர் அதத்தான் முதல்ல கேப்பாங்க.