வாடகை விண்ணப்பம் முதல் சாவி கைமாறும் வரை

முதல் முறை வாடகைக்குப் போகிறவருக்கும், முதல் முறை வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பின்னால் வரும் சண்டைகளில் பாதி, தாளில் எழுதாமல் விட்ட ஒரு வரியில்தான் தொடங்குகிறது.

முதல் படி: விண்ணப்பம்

பெயர், வேலை, வருமானம், முந்தைய முகவரி, வீட்டில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள், செல்லப்பிராணி உண்டா. இவ்வளவு போதும். எதையும் மறைக்காதீர்கள், நாய் இருப்பது குடிவந்த மறுநாளே தெரிந்துவிடும். அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும்போது, அதன் குறுக்கே ‘வீட்டு வாடகைக்காக மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல், விடுகிறவர்தான் உரிமையாளரா என்று உறுதி செய்யாமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.

உரிமையாளர்களுக்கு ஒன்று: எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். விசாரிக்கும்போது அவர் இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரை மட்டும் கேட்காமல், அதற்கு முன் இருந்த வீட்டின் உரிமையாளரையும் கேளுங்கள். ஆளை அனுப்பினால் போதும் என்று நினைக்கும் இப்போதைய உரிமையாளர் நல்லபடியாகத்தான் சொல்வார்.

இரண்டாம் படி: ஒப்பந்தம்

வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படிக் கட்டுவது. ஒப்பந்தம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது. இவை எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். விட்டுப்போவது வேறு. முன்பணம் காலி செய்த எத்தனை நாளில் திரும்பும்? எதற்கெல்லாம் பிடிக்கலாம்? சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா? மோட்டார் பழுதானால் செலவு யாருடையது? பாதியில் கிளம்பினால் எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும்? நண்பர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால், ஒருவர் கிளம்பிய பின் அவர் பங்கு யார் தலையில் விழும் என்பதையும் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் அது மீதிப் பேர் தலையில்தான்.

“அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்று வாயால் சொன்னதை ஒரு வரியாக ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். பதிவு, முத்திரைத்தாள் விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்துச் சட்டத்தைக் கையெழுத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வீட்டின் நிலைக் குறிப்பு

குடிவரும்போது வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் தாள் இது. இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். நான் ஒருமுறை வீட்டைக் காலி செய்தபோது, வாஷ் பேசினில் இருந்த விரிசலுக்கு முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். நான் குடிவந்த அன்றே இருந்த விரிசல் அது. நிரூபிக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

சாமான் இறக்கும் முன், வீடு காலியாக இருக்கும்போதே இருவரும் அறை அறையாக நடங்கள். ‘சுவரில் சில குறைகள்’ என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. ‘படுக்கையறை, சன்னலுக்கு மேல் இடது மூலை, உள்ளங்கை அகலத்தில் ஈரக்கறை’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள், தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், மீட்டர் ரீடிங்கைப் படமெடுங்கள். படங்களை அன்றே உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதியே சாட்சி.

அப்புறம் கையெழுத்து. வெற்றிடங்களைக் கோடு போட்டு அடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி. சாவி எத்தனை என்று எண்ணி நிலைக் குறிப்பின் கடைசி வரியில் எழுதுங்கள். காலி செய்யும் நாளில் இதே தாளோடு இருவரும் மறுபடி அறை அறையாக நடக்க வேண்டியிருக்கும்.