மறுசோறு வாங்கும் முன் பத்து நிமிடம்

வயிறு நிறைந்த செய்தி மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதிக்கு முழுதாகப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். உணவு சிறுகுடலுக்கு இறங்கிய பிறகுதான் கோலிசிஸ்டோகைனின் போன்ற ஹார்மோன்கள் சுரந்து ‘போதும்’ என்கின்றன. ஐந்தே நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொள்பவருக்கு அந்தச் செய்தி வருவதற்குள் மறுசோறும் உள்ளே போயிருக்கும்!

ஆகவே முதலில் பொரியலையோ சுண்டலையோ மென்று சாப்பிடுங்கள். நார்ச்சத்தும் புரதமும் வயிற்றில் சற்று நேரம் தங்கும். முதல் சோறு முடிந்ததும் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அப்போதும் பசித்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை.

தூக்கம் கெட்ட மறுநாள் மட்டும் இது சரிவர எடுபடாது. அன்று பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கலாம். பஜ்ஜிக் கடை கண்ணில் படாத வழியாகப் போவது நல்லது.