உழவர் சந்தைக்குப் போறீங்களா? பையோடு சில்லறையும் எடுத்துக்கோங்க

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம்ம மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது, ஆனாலும் பக்கத்துத் தெருக்காரர்களே வாசல் வண்டியில் வாங்கிட்டுப் போறதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். முதலில் விலைப் பலகையைப் பாருங்கள், அன்றைய விலை அதில் எழுதியிருக்கும், அதற்கு மேல் யாரும் கேட்கக்கூடாது. விற்பவரிடம் போட்டோ ஒட்டிய விவசாயி அட்டை இருக்கும், சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள். கத்திரிக்காயில் காம்பைப் பாருங்கள்: பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருந்தால் புதுசு, வாடிக் கறுத்திருந்தால் பழசு. அப்புறம், ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். விடிய முன்னாடியே மூட்டையோடு பஸ் ஏறி வந்த அக்கா சில்லறைக்கு எங்கே போவார்?