புதுக் கண்ணாடி போட்டதும் தரை ஆடுகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பவர் மாறிய கண்ணாடியோடு கடைப்படி இறங்கும்போதே சிலருக்குத் தரை சரிந்து தெரியும், கால் வைக்கும் இடம் தப்பும். உடனே லென்ஸைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் தப்புவது மூளை போட்டு வைத்திருக்கும் கணக்கு.

தலை திரும்பும்போது காட்சி கலங்காமல் இருக்கக் கண்கள் எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. உள்காதின் சமநிலை உறுப்பு தூண்டும் இந்த அனிச்சைச் செயல் தொடங்க ஏறக்குறைய 10 மில்லி விநாடிதான் ஆகும். பார்த்துத் திருத்த அவகாசம் கிடையாது. எவ்வளவு திரும்புவது என்பதைச் சிறுமூளை முன்பே பழக்கி வைத்திருக்கிறது. வெறுங்கண்ணில் தலை 10 டிகிரி திரும்பினால் கண்ணும் 10 டிகிரி. மைனஸ் 4 கண்ணாடி காட்சியைச் சுருக்குவதால் சுமார் 9 போதும். பிளஸ் 4 என்றால் 11 வேண்டும். பழைய அளவிலேயே கண் திரும்பினால் காட்சி வழுக்கும். காண்டாக்ட் லென்ஸ் கண்ணோடு சேர்ந்தே திரும்புவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

காட்சி வழுக்குவதை உணர்ந்துதான் சிறுமூளை அளவைத் திருத்துகிறது. தலை சுற்றுகிறதென்று மணிக்கொரு தடவை கழற்றிவிட்டுப் பழைய கண்ணாடியைத் தேடினால் அது எதைத் திருத்தும்? பவர் மாற்றம் பெரிதாக இருந்தால், காலையில் எழுந்ததுமே புதியதைப் போட்டு அதையே தொடருங்கள். பழையதைப் பெட்டிக்குள் வையுங்கள்.

போட்டுக்கொண்டு நாற்காலியில் அசையாமல் டிவி பார்ப்பதும் அதிகம் உதவாது. காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தும் பட்டகக் கண்ணாடியை அணிவித்து உளவியலாளர் ரிச்சர்ட் ஹெல்ட் 1961-இல் வெளியிட்ட சோதனையில், தாமே நடந்தவர்கள் பழகினார்கள். சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்லப்பட்டவர்கள் அப்படிப் பழகவில்லை. எனவே வீட்டுக்குள் நடங்கள். சுவரிலுள்ள தினசரி காலண்டரின் தேதியைப் பார்த்தபடி தலையை மட்டும் இடம் வலமாக 20 டிகிரி அளவுக்கு ஒரு நிமிடம் திருப்புங்கள். எண் மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவான வேகம் சரி. ஒரு நாளில் மூன்று முறை செய்யலாம்.

படிக்கட்டுதான் உண்மையான ஆபத்து. ஒரே லென்ஸில் இரண்டு பவர் உள்ள பைஃபோகல், மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறும் ப்ரோக்ரசிவ் இரண்டிலும் கீழ்ப்பகுதி 40, 50 சென்டிமீட்டரில் படிப்பதற்கானது. படியோ கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. மங்கல் மட்டுமென்றால் பரவாயில்லை. வட்டத் துண்டு வைத்த கிரிப்டாக் பைஃபோகலில் படிக்கும் கூடுதல் பவர் பிளஸ் 2 என்றால், துண்டின் மேல்விளிம்பைப் பார்வை கடக்கும்போது அந்தப் படி மூன்று சென்டிமீட்டர் வரை எழும்பித் தெரியும். பாதம் அந்த உயரத்தை நம்பித் தயாராகிறது, தரை இன்னும் கீழே இருக்கிறது. கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி மேல்பகுதி வழியாகப் பாருங்கள், கைப்பிடியை விடாதீர்கள். அடிக்கடி வெளியே நடமாடும் வயதானவர்களுக்குத் தூரப்பார்வைக்கென்று தனிக் கண்ணாடி வாங்கித் தருவது வீண்செலவல்ல.

ப்ரோக்ரசிவில் ஓரங்கள் வளைந்து தெரியும் என்பதால் பக்கவாட்டில் பார்க்க மூக்கைத் திருப்ப வேண்டும். இந்தப் பழக்கம் வரும்வரை டூவீலர் வேண்டாம்.

எதற்கெடுத்தாலும் “போகப் போகப் பழகிடும்” என்பதும் தவறுதான். இரண்டு வாரமாகியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் கடையில் லென்ஸின் மையங்களை அளக்கச் சொல்லுங்கள். மைனஸ் 4 பவரில் இரண்டு மையங்களும் உயரத்தில் 3 மில்லிமீட்டர் ஏறுமாறாக இருந்தால் காட்சியை மேலோ கீழோ நகர்த்தும் பட்டக விளைவு 1.2 அளவுக்கு (ப்ரிசம் டயாப்டர்) சேர்ந்துவிடும். பக்கவாட்டுப் பிழையை ஓரளவு சமாளிக்கும் கண்கள் மேல்கீழ்ப் பிழையை அப்படிச் சமாளிப்பதில்லை. தலைவலி, இரட்டைத் தோற்றம் வருவது இப்படித்தான். ஃப்ரேம் மூக்கில் சரிந்தாலும் மையம் இறங்கிவிடும், மூக்குப் பட்டையை இறுக்கினாலே தீர்ந்துவிடும்.

திடீரென இரட்டையாகத் தெரிந்து, பேச்சுக் குழறி, நடை ஒரு பக்கமாக இழுத்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.