வடசென்னையில் மனநல சிகிச்சையாளரைத் தேடுவது எப்படி? முதல் முறை தேடுபவர்களுக்கான வழிமுறை

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போதே இருந்தால், இந்தப் பதிவை அப்புறம் படிக்கலாம். 14416-க்கு போன் போடுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் சேவை அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. மாத்திரையோ விஷமோ ஏற்கெனவே உட்கொண்டிருந்தால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது.

மற்றவர்கள் தொடர்ந்து படிக்கலாம். எண்ணூர், மணலி, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, கொடுங்கையூர், பெரம்பூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இந்தப் பக்கத்துக்காரர்களின் சிகிச்சை பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் பாதியில் நிற்கிறது. யாரோ சொன்னார்கள் என்று அடையாறில் ஒரு பெரிய கிளினிக்கைப் பிடிக்கிறார்கள். இரண்டு முறை போகிறார்கள். மூன்றாவது வாரம் லீவு கிடைக்காது, பஸ் கிடைக்காது, நின்றுவிடுகிறது. பேச்சு சிகிச்சை என்பது வாரம் ஒரு முறை, குறைந்தது எட்டு வாரம், பலருக்கு 12 முதல் 20 அமர்வு வரை நீளும் வேலை. அதனால் தகுதியுள்ளவர்களில் யாரிடம் எட்டு வாரம் விடாமல் போக முடியுமோ, அவரே உங்களுக்குச் சரியானவர்.

1. யாரைத் தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். மாத்திரை எழுதுவது இவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்து, பிறகு இரண்டு வருட எம்.ஃபில். போன்ற மருத்துவமனைப் பயிற்சி பெற்றவர். பரிசோதனைகளும் பேச்சு சிகிச்சையும் இவர் வேலை. கவுன்சிலர் என்று போர்டு மாட்டியிருப்பவர் எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜி படித்தவராகவும் இருக்கலாம், மூன்று நாள் ஆன்லைன் கோர்ஸ் முடித்தவராகவும் இருக்கலாம். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால், படிப்பை விசாரிக்காமல் போகாதீர்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக மனநல மருத்துவரிடம் போங்கள்: யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற உறுதியான நம்பிக்கை, பல நாள் தூங்காமலேயே களைப்பில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது, சாப்பாட்டை நிறுத்திவிடுவது, குழந்தை பிறந்த சில வாரங்களில் தாயின் பேச்சும் நடத்தையும் திடீரென மாறுவது. கடைசியில் சொன்னது அவசர நிலை, ஒரு நாளும் தள்ளக்கூடாது.

குடிப்பழக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தீவிரமாகக் குடிப்பவர் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

பதற்றம், துக்கம், கணவன் மனைவி பிரச்சினை, பரீட்சை பயம், ஓயாத கவலை என்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடமே தொடங்கலாம். அதற்கு முன்னால் பக்கத்து லேபில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் சோர்வும் அழுகையும் வரும். அது தெரியாமல் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

2. அரசு மருத்துவமனையில் தொடங்குவது

வடசென்னைக்காரர்களுக்கு இரண்டு நல்ல வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, பழைய சிறைச்சாலை ரோட்டில் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. இன்னொன்று, அயனாவரம் மேடவாக்கம் குளம் சாலையில் உள்ள அரசு மனநலக் காப்பகம். எல்லோரும் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்வது இதைத்தான்.

அந்தப் பெயரைக் கேட்டே பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்த பெயர் அல்லவா? 1794-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையில் வெளிநோயாளிப் பிரிவு ஓடுகிறது. காலையில் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பும் மக்கள்தான் அங்கே ஏராளம். போனால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். ஒருவரின் விருப்பமில்லாமல் அனுமதிக்க, அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்பது போன்ற கடுமையான நிலை இருக்க வேண்டும். இருவர் தனித்தனியே பரிசோதித்து அதை உறுதி செய்ய வேண்டும். சட்டம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

போகும்போது: ஓ.பி. சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள், எனவே எட்டு மணிக்குள் வரிசையில் நில்லுங்கள். ஆதார், பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, தண்ணீர் பாட்டில், டிபன் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தூக்கத்தையும் நடவடிக்கையையும் கூட இருந்து பார்க்கிற ஒருவர் உடன் வந்தால் நல்லது. அன்றைய வேலைக்கு அரை நாள் லீவு போதாது, முழு நாள் சொல்லிவிடுங்கள்.

கூட்டம் அதிகம், அதனால் டாக்டர் பேசும் நேரம் குறைவு. மாத்திரைச் சீட்டோடு எழுந்து வந்துவிட்டு “யாரும் பேசவே இல்லை” என்று பலர் மனம் உடைகிறார்கள். அங்கேயே கேட்க வேண்டும்: “டாக்டர், மாத்திரையோட சேர்த்து சைக்காலஜிஸ்ட்கிட்டயும் பேசணும். எழுதித் தர்றீங்களா?” இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் கிடைக்கும் சிகிச்சையே வேறாகிவிடும்.

ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் தங்கள் டிஸ்பென்சரி டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாக முயற்சி செய்யலாம். ரயில்வே குடும்பங்கள் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கேளுங்கள். வீட்டை விட்டு வெளியே வரவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு முன்னே சொன்ன 14416 முதல் படியாகவும் உதவும். அவசரத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து அதை ஒதுக்க வேண்டாம். எங்கே போகலாம் என்றும் அவர்களிடமே கேட்கலாம்.

3. தனியாரிடம் தேடினால்

ஐந்து பெயர்கள் கொண்ட பட்டியல் போடுங்கள். அதற்கு மேல் போட்டால் யாரையும் கூப்பிடமாட்டீர்கள். பெரம்பூர், கொளத்தூர் பக்கம் சிலர் கிடைப்பார்கள். புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம், அண்ணா நகரில் இன்னும் அதிகம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு மெட்ரோ பெரிய வசதி: சென்ட்ரலில் வண்டி மாறினால் கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர் கிழக்கு வரை வெயில் படாமல் போய்விடலாம். வீட்டு வாசலிலிருந்து கிளினிக் வாசல் வரை ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது ஆன்லைனில் பார்ப்பாரா என்று கேளுங்கள். இணையத்தில் தெரியும் நட்சத்திர மதிப்பெண்ணை நம்பிப் பயனில்லை. குணமானவர்கள் தங்கள் பெயரில் அங்கே எழுதுவது அரிது.

படிப்பைச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா, பதிவு காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்தில் பார்க்கலாம். எண் கேட்டதற்கு ஒருவர் கோபப்பட்டால், அவரை விட்டுவிடுங்கள்.

விலக வேண்டிய வேறு இடங்களும் உண்டு. முப்பது நாளில் குணம் என்று உத்தரவாதம் தருபவர். இருபது அமர்வுக்கும் முன்பணம் கேட்பவர். எம்.பி.பி.எஸ். இல்லாமல் மாத்திரை கொடுப்பவர். சாதி, மதம், காதல், பாலினம் பற்றி உங்களுக்குப் புத்திமதி சொல்பவர். ஒருவரின் பாலின ஈர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்பவரிடம் ஒருநாளும் போகாதீர்கள். அது சிகிச்சையே அல்ல.

தர்காவுக்கோ சர்ச்சுக்கோ கோயிலுக்கோ போய் ஆறுதல் அடைபவர்கள் தாராளமாகப் போகலாம், சிகிச்சைக்கு அது குறுக்கே நிற்காது. அங்கே யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, கட்டி வைக்கச் சொன்னாலோ கேட்காதீர்கள்.

4. ஐந்து நிமிட போன்

வாட்ஸப்பில் “ஹாய்” அனுப்பிக் காத்திருக்காமல் கூப்பிட்டுப் பேசுங்கள். வாய் வரவில்லை என்றால் இதை அப்படியே படியுங்கள்: “வணக்கம் மேடம், நான் தண்டையார்பேட்டையிலருந்து பேசுறேன். ரெண்டு மாசமா தூக்கம் இல்ல, படபடப்பா இருக்கு. இந்த மாதிரி பிரச்சினைக்கு நீங்க பார்ப்பீங்களா? தமிழ்லயே பேசலாமா? ஒரு தடவைக்கு எவ்வளவு, எவ்வளவு நேரம்?”

தமிழ் பற்றிய கேள்வியைத் தவிர்க்காதீர்கள். ஆங்கிலத்திலேயே படித்துப் பழகியவர்கள் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவுவதுண்டு. வீட்டில் நடந்த சண்டையை, நடந்த மொழியில் சொன்னால்தான் அதன் வலி முழுதாக வெளியே வரும்.

கட்டணம் ஒரு அமர்வுக்குச் சுமார் ₹800 முதல் ₹2,500 வரை இருக்கும். அமர்வு 45 முதல் 60 நிமிடம். எட்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கட்டாது என்றால் “கொஞ்சம் குறைச்சு வாங்குவீங்களா, இல்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரலாமா?” என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம், பலர் ஒத்துக்கொள்வார்கள். அமர்வை ரத்து செய்தால் பணம் போகுமா என்றும் கேளுங்கள். ஷிப்டு வேலை, துறைமுக வேலை, கடல் தொழில் என்று நேரம் மாறுபவர்களுக்கு இது முக்கியம்.

5. முதல் நாள்

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, இரவில் எத்தனை மணி நேரத் தூக்கம், பசி எப்படி, குடி, புகையிலை எவ்வளவு, சாப்பிடும் மாத்திரைகள் எத்தனை மில்லிகிராம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா. கடைசியில், எது சரியானால் போதும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு வரியில் எழுதுங்கள். “நல்லா இருக்கணும்” என்பது போதாது. “காலைல எழுந்து வேலைக்குப் போகணும்” என்று எழுதினால் சிகிச்சையாளருக்கும் பிடி கிடைக்கும்.

முதல் அமர்வு பெரும்பாலும் கேள்விகளாகவே போகும். தீர்வு கிடைக்கவில்லை என்று ஏமாறாதீர்கள். முடிந்து வெளியே வரும்போது உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கலாம். அன்று மாலை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சொன்னது வெளியே போகுமா? ரகசியம் காப்பது சட்டப்படி அவர்கள் கடமை. உங்கள் முதலாளிக்கோ மாமியாருக்கோ சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்து, கோர்ட்டு உத்தரவு ஆகியவை விலக்கு. குழந்தைமீது பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அவர்கள் புகார் செய்தே ஆகவேண்டும். எது எது விலக்கு என்று முதல் நாளே அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

6. ஒரே அறை வீட்டில் ஆன்லைன் அமர்வு

ஆன்லைன் அமர்வு இங்கே தோற்பதற்கு நெட் காரணமில்லை, சுவர்தான் காரணம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில், பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்கும் சந்தில், மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? வீடு காலியாக இருக்கும் நேரத்தை ஒரு வாரம் கவனித்து அந்த நேரத்தையே கேளுங்கள். பகல் பதினொரு மணி பல வீடுகளில் கிடைக்கிறது. மொட்டை மாடி, நிறுத்தி வைத்த ஆட்டோ அல்லது கார், நம்பிக்கையான தோழி வீடு ஆகியவையும் நடைமுறையில் உதவுகின்றன. மைக் உள்ள இயர்போன் கட்டாயம் வேண்டும். யாராவது அறைக்குள் வந்தால் சொல்ல ஒரு வார்த்தையைச் சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்; “மளிகை லிஸ்ட் அனுப்பறேன்” என்றதும் அவர் பேச்சை மாற்றிவிடுவார். வாய்விட்டுப் பேச முடியாத பகுதியை சாட்டில் தட்டச்சு செய்யலாம். வீட்டில் அடி உதை நடக்கிறதென்றால் அதை முதல் அமர்விலேயே சொல்லுங்கள், அப்போதுதான் உங்களுக்கு எந்த நேரத்தில் செய்தி அனுப்பக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். பெண்கள் உதவி எண் 181-ம் உண்டு.

7. சரியாகப் போகிறதா?

மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்விப் படிவம் இருக்கிறது, தமிழிலும் உண்டு. மதிப்பெண் 0 முதல் 27 வரை. முதல் நாள் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டுத் தேதியோடு குறித்து வையுங்கள். ஐந்து மதிப்பெண் குறைந்தால் உண்மையான முன்னேற்றம் என்று கொள்ளலாம். ஒன்பதாவது கேள்வி, சாவதைப் பற்றியது. அதில் பூஜ்ஜியம் தவிர எதைக் குறித்தாலும் அந்த வாரமே சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், ஆனால் குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். தொந்தரவைச் சொல்லி அளவை மாற்றச் சொல்லுங்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், நோயும் திரும்பலாம்.

நான்கு அமர்வு முடிந்தும் அவர் உங்களைப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றினால், போகாமல் நின்றுவிடாமல் நேரில் சொல்லுங்கள்: “எனக்கு இது ஒத்துவரலன்னு தோணுது. வேற மாதிரி முயற்சி பண்ணலாமா, இல்ல வேற ஒருத்தர சொல்றீங்களா?” நல்ல சிகிச்சையாளர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மாறுவதென்றால் இதுவரை நடந்ததைச் சுருக்கமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெற 2017 சட்டம் உரிமை தருகிறது. அந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்தவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை, பட்டியலில் மீதமிருக்கும் நான்கு பெயர்களில் அடுத்ததைக் கூப்பிடலாம்.