முப்பதாம் நாள் போன்: சிறிய மருத்துவமனையில் தரத்தையும் செலவையும் அளப்பது எப்படி

எங்கள் மருத்துவமனையில் 70 படுக்கைகள். 19 வருடம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுத் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்புக்கு வந்தேன். வந்த வருடம் நான் வைத்திருந்த பதிவேட்டில், அறுவைச் சிகிச்சை செய்த இடத்தில் தொற்று என்ற கட்டத்தில் 11 மாதம் தொடர்ந்து பூஜ்யம் எழுதினேன். பெரிய டாக்டருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.

பன்னிரண்டாவது மாதம் சந்தையில் பூ விற்கும் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரருக்கு எங்களிடம்தான் ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன் நடந்தது. எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “இப்ப பரவால்ல சிஸ்டர். வீட்டுக்குப் போயி எட்டாம் நாள் சீழ் வச்சிருச்சு. எங்க ஊரு டாக்டர்கிட்ட பதினெட்டு நாள் கட்டு கட்டுனோம்” என்றார். ஏன் எங்களிடம் வரவில்லை என்று கேட்டதற்கு, “திரும்ப வந்தா திரும்ப பீஸ் கேப்பீங்கன்னுதான் வரல” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் பதிவேட்டின் ஓட்டை முழுவதும் தெரிந்துவிட்டது. தொற்று வந்தவர்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். எங்கள் வாசலுக்குத் திரும்பாதவர்களை எல்லாம் குணமானவர்கள் என்று நான் எழுதியிருக்கிறேன். அவர்கள் திரும்பாததற்குக் காரணம் செலவு. தரத்தை ஒரு நோட்டிலும் செலவை வேறொரு நோட்டிலும் வைத்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்கவே முடியாது. அன்றிலிருந்து ஒரே நோட்டு, ஒரு நோயாளிக்கு ஒரு வரி, அந்த வரியிலேயே இரண்டும். நாங்கள் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். 30 படுக்கை இருந்தாலும் செய்யலாம், கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் செய்யலாம்.

முதலில் ஒரே ஒரு சிகிச்சையைத் தேர்ந்தெடுங்கள். உங்களிடம் மாதம் பத்துப் பேருக்காவது நடப்பதாக இருக்க வேண்டும். ஹெர்னியா, சிசேரியன், கண்புரை, எலும்பு முறிவு, எதுவானாலும் சரி. மருத்துவமனை முழுவதையும் அளக்கிறேன் என்று ஆரம்பித்தவர்கள் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஹெர்னியாவில் தொடங்கினோம்.

அவெடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவர் 1966-ல் மருத்துவத் தரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்: என்ன வசதி இருக்கிறது, வேலை எப்படி நடக்கிறது, நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆனது. ஆய்வுக்கு வருபவர்கள் வசதியைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியும். உங்கள் நோட்டில் மற்ற இரண்டும் நிறைய இருக்கட்டும். எங்கள் வரியில் இருப்பவை இவை: வயது, சர்க்கரை நோய் உண்டா, அவசர ஆபரேஷனா திட்டமிட்டதா, முடியை எடுத்தது பிளேடாலா, மழிக்காமல் முடியை மட்டும் வெட்டும் கிளிப்பராலா, ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட மணி, கீறல் போட்ட மணி, எத்தனை நாள் படுக்கை, மொத்தப் பில், 30-ஆம் நாள் நிலைமை, நோயாளி வெளியே செலவழித்த தொகை. வயதும் சர்க்கரையும் எதற்கென்றால், எழுபது வயது சர்க்கரை நோயாளியையும் இருபத்தைந்து வயதுப் பையனையும் ஒரே தராசில் வைத்து ஒரு டாக்டரைக் குறை சொல்லிவிடக் கூடாது. ஊசி போட்ட மணியைக் கேஸ் ஷீட்டில் பின்னால் உட்கார்ந்து நிரப்பவே கூடாது. ஊசி போடுபவரே, போட்ட கையோடு எழுத வேண்டும். கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உடம்பில் ஏறியிருக்க வேண்டும் என்பது இங்கே முக்கியம். வார்டிலேயே காலை ஆறு மணிக்குப் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு ஆபரேஷன் செய்தால் அந்த ஊசியால் பெரிய பாதுகாப்பு இல்லை.

இனி அந்த 30-ஆம் நாள். அறுவைச் சிகிச்சைத் தொற்று என்று கணக்கில் சேர்க்க உலகம் முழுவதும் பொதுவாக வைத்திருக்கும் கெடு 30 நாள். ஹெர்னியாவுக்கு உள்ளே வலை (மெஷ்) வைத்துத் தைத்திருந்தால் ஆழமான தொற்றை 90 நாள் வரை பார்க்க வேண்டும். ஆகவே வீட்டுக்குப் போன நோயாளிக்கு நாங்கள் செய்வது இரண்டு போன், 30-ஆம் நாள் ஒன்று, 90-ஆம் நாள் ஒன்று. இந்த யோசனை பழையது. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சை பலித்ததா என்று தெரியும்வரை பின்தொடர வேண்டும் என்று வாதாடினார். தன் சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்ற 337 பேரின் முடிவுகளையும், அதில் தான் கண்ட 123 பிழைகளையும் அச்சிட்டே வெளியிட்டார். போன் இல்லாத வீடுகளின் காலத்தில் அவர் செய்ததை, எல்லார் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் நாம் செய்யாமல் இருக்கக் காரணமே இல்லை.

போனில் என்ன கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்கள் முதலில் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டோம். எல்லாரும் “நல்லா இருக்கோம் சிஸ்டர்” என்றார்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லமாட்டார்கள். காய்ச்சலோடு படுத்திருப்பவரும் அதைத்தான் சொல்வார். ஆகவே இப்போது கேட்பது இப்படி: “தையல் போட்ட எடத்துல தண்ணி, சீழ் ஏதாச்சும் வந்துச்சாண்ணே? செவந்து வீங்குச்சா? வேற டாக்டர் யாரையாச்சும் பாத்தீங்களா? மருந்துக்கடையில கேட்டு மாத்திரை வாங்குனீங்களா? வேலைக்குப் போக ஆரம்பிச்சாச்சா, என்னைக்கிருந்து?” கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நம்பலாம். வேலைக்குப் போகாதவர் ஏன் போகவில்லை என்று தானாகவே சொல்லிவிடுவார்.

இரவு ஏழுக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் காட்டிலோ மில்லிலோ இருப்பார்கள். டிஸ்சார்ஜ் செய்யும்போதே இரண்டு எண்கள் வாங்குங்கள். ஒன்று நோயாளியுடையது, இன்னொன்று வீட்டுப் பெண்களில் ஒருவருடையது. கட்டு எப்படி இருந்தது என்பது கட்டு பிரித்தவருக்குத்தான் தெரியும். மூன்று தடவை முயன்றும் கிடைக்காதவரைத் ‘தெரியவில்லை’ என்று தனியாக எழுதுங்கள். குணமானவர் கணக்கில் தள்ளிவிடாதீர்கள். நான் செய்த தவறு அதுதான்.

எண்ணியதை எதோடு வகுப்பது என்பது அடுத்தது. 'இந்த மாதம் சிறுநீர்த் தொற்று மூன்று' என்றால் அதற்குப் பொருளே இல்லை. எத்தனை பேருக்கு, எத்தனை நாள் சிறுநீர் டியூப் போட்டிருந்தது? தினமும் ஒரே நேரத்தில், எங்களிடம் இரவு பன்னிரண்டு மணிக்கு, டியூட்டி நர்ஸ் வார்டைச் சுற்றி எத்தனை பேருக்குச் சிறுநீர் டியூப் இருக்கிறது என்று எண்ணி எழுதுவார். மாதக் கடைசியில் கூட்டினால் டியூப் நாட்கள். 412 டியூப் நாட்களில் 3 தொற்று என்றால், ஆயிரம் நாளுக்கு 7.3. அடுத்த மாதத்தோடு இதைத்தான் ஒப்பிட வேண்டும். இதில் ஒரு கூடுதல் பலன் கிடைத்தது. எண்ணுவதற்காகப் போய் நிற்கும் நர்ஸ், “இவருக்கு ஏன் இன்னும் எடுக்கல?” என்று கேட்க ஆரம்பித்தார். தேவையற்ற டியூப்கள் அதனாலேயே குறைந்தன.

படுக்கை நாட்களுக்குச் சராசரி எடுக்காதீர்கள். ஐந்து பேர் 2, 3, 3, 4, 28 நாட்கள் இருந்தார்கள் என்றால் சராசரி 8 வரும். எட்டு நாள் இருந்தவர் அதில் ஒருவரும் இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள், 3. அந்த 28 நாள்காரரின் கேஸ் ஷீட்டைத் தனியாக எடுத்து உட்கார்ந்து படியுங்கள்.

சின்ன மருத்துவமனையில் எண்ணிக்கை குறைவு என்பதும் மனதில் இருக்க வேண்டும். 12 ஆபரேஷனில் ஒரு தொற்று வந்தால் எட்டு சதவீதம் என்று பயமுறுத்தும். அடுத்த மாதம் பூஜ்யம் வந்து மயக்கும். மாதச் சதவீதத்தை விட்டுவிட்டு, ஒரு தொற்றுக்கும் அடுத்த தொற்றுக்கும் நடுவே எத்தனை ஆபரேஷன் நடந்தது என்று எழுதிவாருங்கள். 9, 14, 11, பிறகு 40, 37 என்று இடைவெளி நீண்டுகொண்டே போனால் ஏதோ உண்மையாகவே மாறியிருக்கிறது.

இப்போது செலவு. இதில் பெரும்பாலோர் பில்லையே செலவு என்று நினைக்கிறார்கள். பில் என்பது நாம் கேட்கும் விலை. ஆகும் செலவு வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், நமக்கு உண்மையில் என்ன ஆகிறது என்று தெரியாவிட்டால், கட்டுப்படியாகவில்லை என்ற புலம்பலில் எவ்வளவு உண்மை என்பதும் தெரியாது.

ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் காப்லனும் மைக்கேல் போர்ட்டரும் 2011-ல் மருத்துவமனைகளுக்குச் சொன்ன வழி எளிமையானது: ஒருவர் நிமிடத்துக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம் வேலை. ஒரு நர்ஸுக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்த்து மாதம் 18,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 26 நாள், எட்டு மணி நேரம் என்றால் 12,480 நிமிடம். சாப்பாடு, டியூட்டி மாற்றம், மீட்டிங் எல்லாம் போக நோயாளியோடு கிடைப்பது ஏறக்குறைய 10,000. ஆக நிமிடத்துக்கு 1 ரூபாய் 80 காசு. ஒரு வாரம் கையில் கடிகாரத்தோடு ஒரு நோயாளியின் கூடவே நில்லுங்கள். அட்மிஷனில் எத்தனை நிமிடம், யாரோடு, ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) எத்தனை நிமிடம். டிஸ்சார்ஜ் சொன்னபின் பில்லுக்காக எத்தனை நிமிடம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களிடம் ஒருவர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அதே கட்டிலுக்கு ஒரு நோயாளி கீழே காத்திருந்தார்.

ஓ.டி.க்கு ஒரு எச்சரிக்கை. சம்பளம், கரன்ட், ஏ.சி., ஆட்டோக்ளேவ் (கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் மெஷின்), மெஷின் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் 3,60,000 என்று வைப்போம். ஓ.டி. திறந்திருப்பது 12,000 நிமிடம், ஆபரேஷன் நடப்பது 6,000 நிமிடம்தான். எதால் வகுப்பீர்கள்? 12,000-ஆல் வகுத்தால் நிமிடம் 30 ரூபாய், 90 நிமிட ஹெர்னியாவுக்கு 2,700. ஆறாயிரத்தால் வகுத்தால் 5,400. திறந்திருக்கும் நேரத்தால்தான் வகுக்க வேண்டும். சும்மா கிடந்த நேரத்தின் செலவு நம் அட்டவணையின் குறை. அதை அந்த ஹெர்னியாக்காரர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

வாங்கும் பொருளின் விலையையும் தரத்தோடு சேர்த்தே பாருங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் இறக்குமதி விலை ஏழைகளுக்குத் தடையாக இருந்ததால், 1992-ல் ஆரோலேப் என்ற தங்கள் தயாரிப்புக்கூடம் வழியே தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். விலை இறங்கியதால் நல்ல சிகிச்சை எட்டாமல் இருந்தவர்களுக்கும் எட்டியது. நம் அளவில் இது கட்டுத்துணியாகவும் கையுறையாகவும் இருக்கலாம்.

நோயாளியின் கைக்காசை மறக்கவே கூடாது. பூக்கார அம்மாவிடம் மறுநாள் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். கட்டு ஒன்றுக்கு 150 வீதம் 18 நாள், 2,700. மருந்து 1,850. அவர் வீட்டுக்காரரின் கூலி நாளுக்கு 600, பதினெட்டு நாளுக்கு 10,800. ஆக 15,350 ரூபாய். எங்கள் பில் 32,000. எங்கள் கணக்கில் இந்தப் பாதிப் பணம் எங்குமே இல்லை. பஸ்ஸும் வட்டியும் இதில் சேராது.

போன் செய்ய ஆரம்பித்த முதல் வருடம் 140 ஹெர்னியாவில் 7 பேருக்குத் தொற்று என்று தெரிந்தது. போன வருடம் பூஜ்யம், இந்த வருடம் ஐந்து சதவீதம் என்றதும் டாக்டர்கள் கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அளக்க ஆரம்பித்தால் எண் ஏறும். கூட்டத்துக்கு முன்பே பெரிய டாக்டரைத் தனியாகப் பார்த்து இதைச் சொல்லிவைத்தேன். யார் பெயரையும் பலகையில் எழுதவில்லை. ஏழு வரிகளை மட்டும் படித்துக் காட்டினேன். ஐந்து பேருக்கு முந்தின நாள் இரவு பிளேடால் மழித்திருந்தார்கள். நான்கு பேருக்கு ஊசிக்கும் கீறலுக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல். பிளேடை அன்றே நிறுத்தினோம், கிளிப்பர் வாங்கினோம். ஊசி ஓ.டி. மேஜையில் போடுவது என்றானது. ஆபரேஷன் முடிந்தபின் ஐந்து நாள் ஊசி போடும் வழக்கம் ஒரே ஊசியாகக் குறைந்ததில் மருந்துச் செலவும் இறங்கியது. மறு வருடம் 152-ல் 3. இரண்டு வருடக் கணக்குதான், இதை வைத்து வெற்றி என்று நான் பேசமாட்டேன்.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் கேட்டேன்: முப்பது நாளுக்குள் திரும்பி வருபவரிடம் டாக்டர் பீஸோ கட்டுக்கான பணமோ வாங்கக் கூடாது. கட்டுப்படியாகுமா என்று உடனே கேள்வி வந்தது. ஒரு கட்டுக்கு நர்ஸ் 15 நிமிடம், 27 ரூபாய். பஞ்சு, துணி, மருந்து 40 ரூபாய். மொத்தம் 67. ஏழு பேருக்கு, ஆளுக்குப் பதினெட்டு கட்டு என்றாலும் வருடத்துக்கு 8,442 ரூபாய். பெரிய டாக்டர் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

இப்போது எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘30 நாள் வரை புண்ணைக் காட்டவும் கட்டு மாற்றவும் பணம் கிடையாது. எந்த நேரமும் வரலாம்.’ எழுத்துப் படிக்காதவர்களுக்கு நர்ஸ் அதை வாயால் சொல்லி, கூட வந்தவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். சொன்னதும் நோட்டில் அந்த நோயாளியின் வரியின் கடைசிக் கட்டத்தில் ஒரு டிக்.