சென்னை ஏரிக் கணக்கை எஸ்க்யூலைட் கமாண்ட் லைனில் கேட்பது எப்படி

சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பைத் தினமும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதை எக்செலில் சேர்த்து வைப்பவர்கள் நிறையப் பேர். வருடக்கணக்கில் சேர்ந்த பிறகு கேள்வி கேட்க எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்தான் வசதி. சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், டேட்டாபேஸ் முழுக்க ஒரே ஃபைல். உபுண்டுவில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எஸ்க்யூலைட்3' போதும். மேக்கில் ஏற்கெனவே இருக்கும்.

கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டேபிள், நெடுவரிசைப் பெயர்களை மட்டும் தமிழிலேயே தட்டலாம். எஸ்க்யூலைட் அவற்றை மேற்கோள் இல்லாமலே ஏற்கும். டெர்மினலில் டேட்டாபேஸைத் திறக்க:

எஸ்க்யூலைட்3 ஏரி.டிபி

ஃபைல் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழை வராது. அந்தப் பெயரில் புதிய, காலி டேட்டாபேஸ் திறந்துகொள்ளும். '.டேபிள்ஸ்' கொடுத்து எதுவும் வரவில்லையென்றால் முதலில் பெயரைச் சரிபாருங்கள். படிக்க மட்டும் திறப்பதானால் '-ரீட்ஒன்லி' சேர்த்துத் திறப்பது நல்லது. இல்லாத ஃபைல் என்றால் அப்போது பிழை காட்டும்.

எக்செலில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு, இம்போர்ட் செய்யும் முன்பே டேபிளை உருவாக்குங்கள் (டெக்ஸ்ட் என்பது எழுத்து வகை, இன்டிஜர் என்பது முழு எண் வகை):

கிரியேட் டேபிள் ஏரிகள்(பெயர் டெக்ஸ்ட், கொள்ளளவு இன்டிஜர்);
.இம்போர்ட் --சிஎஸ்வி --ஸ்கிப் 1 ஏரிகள்.சிஎஸ்வி ஏரிகள்

டேபிள் முன்பே இருப்பதால் தலைப்பு வரியும் தரவாக உள்ளே போய்விடும். அதைத் தடுக்கத்தான் 'ஸ்கிப் 1'. டேபிள் இல்லாமல் இம்போர்ட் செய்தால் எஸ்க்யூலைட்டே ஒன்றை உருவாக்கும், ஆனால் பல பதிப்புகளில் எல்லா நெடுவரிசைகளும் டெக்ஸ்ட் ஆகிவிடும். அப்போது கொள்ளளவுப்படி இறங்குவரிசையில் அடுக்கிப் பாருங்கள்: 500 மில்லியன் கன அடி கொண்ட கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை, 3645 கொண்ட செம்பரம்பாக்கத்துக்கு மேலே வந்து நிற்கும். எழுத்தாக ஒப்பிட்டால் '5', '3'-ஐ விடப் பெரியது அல்லவா. வகையைப் பார்க்க '.ஸ்கீமா ஏரிகள்'.

'3,231' என்று காற்புள்ளியோடு வந்த எண், இன்டிஜர் நெடுவரிசையிலும் எழுத்தாகவே தங்கிவிடும்.

செலக்ட் பெயர், டைப்ஆஃப்(கொள்ளளவு) ஃப்ரம் ஏரிகள்;

இதில் எங்காவது 'டெக்ஸ்ட்' தெரிந்தால்:

அப்டேட் ஏரிகள் செட் கொள்ளளவு = ரீப்ளேஸ்(கொள்ளளவு, ',', '');

அதன்பின் சம்(கொள்ளளவு) கேளுங்கள். பூண்டி 3231, சோழவரம் 1081, புழல் 3300, செம்பரம்பாக்கம் 3645, கண்ணன்கோட்டை 500. ஆக 11757 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள். தவறான தரவுக்கும் எஸ்க்யூலைட் தயங்காமல் விடை தரும், எனவே விடை தெரிந்த கேள்வியை முதலில் கேட்பதே பாதுகாப்பு.

அடுத்தது தினசரி டேபிள்: இருப்பு(நாள் டெக்ஸ்ட், ஏரி டெக்ஸ்ட், அளவு இன்டிஜர்). எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகை இல்லை. நாம் எழுதும் 03-12-2015 வடிவில் வைத்தால் 2015 வெள்ளமும் 2019 வறட்சியும் கலந்துதான் வரிசையாகும். ஆண்டு முன்னால் வர வேண்டும்:

பிகின்;
அப்டேட் இருப்பு செட் நாள் = சப்ஸ்ட்ர்(நாள்,7,4)||'-'||சப்ஸ்ட்ர்(நாள்,4,2)||'-'||சப்ஸ்ட்ர்(நாள்,1,2) வேர் நாள் லைக் '__-__-____';

சில வரிகளைப் பார்த்துவிட்டு, சரியென்றால் மாற்றத்தை நிலைப்படுத்த 'கமிட்;', இல்லையென்றால் பழையபடி திருப்ப 'ரோல்பேக்;'. 'வேர்' பகுதியை விடவே கூடாது. அது இல்லாமல் இரண்டாம் முறை ஓட்டினால் மாற்றிய தேதிகள் சிதைந்துவிடும். இனி, ஏரி எத்தனை சதவீதம் நிரம்பியிருந்தது என்று பார்க்க, இரண்டு டேபிள்களையும் ஏரிப் பெயரால் இணைக்கும் ஜாயின்:

செலக்ட் இ.நாள், இ.ஏரி, ரவுண்ட்(100.0*இ.அளவு/எ.கொள்ளளவு,1) ஃப்ரம் இருப்பு இ ஜாயின் ஏரிகள் எ ஆன் எ.பெயர்=இ.ஏரி;

'100.0' முக்கியம். அளவு/கொள்ளளவு என்று மட்டும் எழுதினால் முழு எண் வகுத்தல் நடந்து, ஏரி நிரம்பாத நாளெல்லாம் 0 வரும். இன்னொன்று, ஒரே ஏரி ஒரு டேபிளில் புழல் என்றும் மற்றதில் செங்குன்றம் என்றும் இருந்தால் அந்த வரிகள் ஜாயினில் சத்தமில்லாமல் காணாமல் போகும். பொருந்தாத பெயர்களை இப்படிப் பிடிக்கலாம்:

செலக்ட் டிஸ்டிங்ட் ஏரி ஃப்ரம் இருப்பு வேர் ஏரி நாட் இன் (செலக்ட் பெயர் ஃப்ரம் ஏரிகள்);

என்டர் தட்டியும் '...>' என்றே நின்றால் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒரு மேற்கோள் மூடப்படவில்லை. அந்த நிலையில் '.குவிட்' வேலை செய்யாது. புள்ளியில் தொடங்கும் கட்டளைகள் க்வெரியின் (கேள்வியின்) நடுவில் செல்லாது, அவற்றுக்கு அரைப்புள்ளியும் தேவையில்லை.

திரையில் பார்க்க '.மோட் பாக்ஸ்' அழகுதான், ஆனால் தமிழில் கோடுகள் விலகும். 'செம்பரம்பாக்கம்' நமக்கு 9 எழுத்து, எஸ்க்யூலைட் எண்ணுவது 15 குறியீடுகள். '.மோட் லைன்' கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஃபைலில் எழுத '.மோட் சிஎஸ்வி', '.ஹெடர்ஸ் ஆன்', '.ஒன்ஸ் வாரம்.சிஎஸ்வி' என்று கொடுத்துப் பிறகு க்வெரி. 'ஒன்ஸ்' அடுத்த ஒரு விடைக்கு மட்டுமே. 'அவுட்புட்' போட்டால் அதைத் திரும்ப வெறுமனே '.அவுட்புட்' என்று கொடுக்கும்வரை திரையில் எதுவும் வராது.

ஷெல்லுக்குள் நுழையாமல் ஒரே வரியில் கேட்பதானால் க்வெரியை இரட்டை மேற்கோளிலும் உள்ளிருக்கும் பெயரை ஒற்றை மேற்கோளிலும் வையுங்கள்:

எஸ்க்யூலைட்3 -ரீட்ஒன்லி ஏரி.டிபி "செலக்ட் மேக்ஸ்(நாள்) ஃப்ரம் இருப்பு வேர் ஏரி='பூண்டி';"